மலைநாட்டு ஏற்றத்தில் இடையிடையே இழுவை குறையும் பழைய டீசல் வாகனம்: காரணத்தைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

கம்பளை வரை ஒழுங்காக ஓடிய வண்டி, புசல்லாவையைக் கடந்து றம்பொடை ஏற்றத்தில் திடீரென்று இழுக்க மறுக்கிறது. எக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்தாலும் வேகம் கூடுவதில்லை. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்துப் புறப்பட்டால், ஒரு குறையுமில்லாததுபோல் நுவரெலியா வரை ஏறிவிடுகிறது. மறுநாள் கராஜுக்குக் கொண்டுபோனால், அங்கே நிற்கும்போது எந்தக் கோளாறும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குறையை ஊகத்தின் பேரில் திருத்தத் தொடங்குவதால், முதலில் டீசல் பம்ப் கழற்றப்படுகிறது, பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நொசில்கள் மாற்றப்படுகின்றன, கடைசியில் பெருந்தொகை செலவான பின்னும் அதே ஏற்றத்தில் அதே இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது.

வந்து போகும் இழுவைக் குறைவுக்கான காரணம் பெரும்பாலும் டீசல் தாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பாதையிலேயே இருக்கிறது. அந்தப் பாதை முழுவதையும் சோதித்து முடிக்கும்வரை பம்பின் மீது எவரும் ஸ்பெனர் வைக்க இடம் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி 1980களிலும் 1990களிலும் வந்த, இயந்திர முறையில் இயங்கும் சுழல் டீசல் பம்ப் பொருத்திய வாகனங்களுக்கு உரியது. டொயோட்டாவின் 2சி, 3சி எஞ்சின் பூட்டிய கொரோலா, டவுன் ஏஸ், லைட் ஏஸ் போன்றவையும் மிட்சுபிஷி எல் 300 வானும் இவ்வகையைச் சேர்ந்தவை. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் பிற்கால கொமன் ரெயில் எஞ்சின்களில் டீசல் 1,000 பாரையும் தாண்டிய அழுத்தத்தில் ஓடுவதால், கீழே வரும் சோதனைகளில் குழாய் தளர்த்தும் எதையும் அவற்றில் செய்யக் கூடாது.

சோதனைக்கு முன் பாதுகாப்பு

ஏற்றத்தில் எஞ்சின் முழுவதுமாக நின்றுவிட்டால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். 2சி போன்ற எஞ்சின்களில் இந்தச் சிறு பம்ப் ஒல்டனேற்றரின் பின்புறத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. தேங்கியிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்கு மட்டுமே போதும். அதன்பின் பிரேக் மிதி கல்லைப்போல் இறுகிவிடும். ஆகவே பின்னோக்கி உருளவிட்டு கியரில் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை மலைப்பாதையில் அறவே விட்டுவிட வேண்டும். இழுவை குறைவதாக உணர்ந்ததும், வளைவைத் தாண்டி இருபுறமும் தெரியும் இடமாகப் பார்த்து இடதுபக்கம் ஒதுக்கி, கைப் பிரேக்கைப் போட்டு, சில்லுகளுக்குக் கல் வைத்த பிறகே பொனட்டைத் திறக்க வேண்டும்.

முதலாம் படி: குறை வரும் வேளையை எழுதிவைத்தல்

எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். குறை தோன்றும் ஒவ்வொரு முறையும் தாங்கியில் எவ்வளவு டீசல் இருந்தது, எஞ்சின் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, அண்மையில் எங்கே டீசல் அடித்தீர்கள், எந்தக் கியரில் ஏறிக்கொண்டிருந்தீர்கள், பின்னால் புகை வந்ததா, எவ்வாறு சரியானது என்பவற்றை எழுதுங்கள். இரண்டு மூன்று பதிவுகளிலேயே ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

புகையைப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேலானது. பின்னால் வரும் நண்பர் ஒருவரைக் கவனிக்கச் சொல்லலாம். இழுவை இல்லாதபோது கரும்புகை தள்ளினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை என்று கொள்ளலாம். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எஞ்சினுக்குப் போதிய டீசல் போய்ச் சேரவில்லை. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகையோடு தடுமாறினால், டீசலோடு காற்றோ நீரோ கலந்து போகிறது அல்லது ஒரு சிலிண்டர் சரியாக எரிக்கவில்லை. நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டுவது. அது வந்து போகும் குறையாக இருப்பது அரிது.

நிறுத்திப் பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிறது என்றால் தாங்கிக்குள் கிடக்கும் குப்பையையோ, அடைபட்ட தாங்கி மூடியையோ ஐயுற வேண்டும். தாங்கி கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, அதுவும் ஏற்றத்து வளைவில் மட்டும் வந்தால், உறிஞ்சும் குழாயின் வாய் டீசலுக்கு வெளியே வந்து காற்றை இழுக்கிறது. சுவிட்சை மூடித் திறந்ததுபோல் சட்டென்று அறுந்து உடனே திரும்பி வந்தால் அது மின்கம்பிக் கோளாறு. சூடேறிய பின்னரே வந்து, அந்தச் சூட்டில் மறுபடி ஸ்டார்ட் செய்வதும் கடினமாக இருந்தால் மட்டுமே பம்பின் தேய்மானத்தை நினைக்கலாம்.

இரண்டாம் படி: எஞ்சினோடு தொடர்பில்லாதவற்றை விலக்குதல்

எஞ்சின் சத்தம் உயர்ந்தும் வேகம் கூடாமல் கருகிய வாடை வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு தொடங்கும் மந்தம், பிரேக் விடுபடாமல் பிடித்திருப்பதாலும் வரலாம். சமதரையில் நிறுத்தி நியூட்ரலில் கையால் தள்ளிப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய் எது அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று கவனியுங்கள்.

அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை எக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லிப் பம்பின் லீவரைப் பாருங்கள். அது தனது கடைசித் தடுப்பு ஆணியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கேபிள் நீண்டிருக்கிறது, அல்லது மிதியின் கீழ் கம்பளம் மடிந்து தடுக்கிறது. அந்தத் தடுப்பு ஆணிகளையும் அவற்றின் அருகில் பூட்டு நட்டோடு இருக்கும் டீசல் அளவு ஆணியையும் எக்காரணம் கொண்டும் திருப்ப வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் தேறுவதற்காகச் சிலர் அந்த ஆணியைக் குறைத்துவிடுவதுண்டு. அப்படிக் குறைத்த வண்டி ஏற்றத்தில் எப்போதுமே மந்தமாக இருக்கும். வந்து போகும் குறையாக அது வெளிப்படாது.

காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தூசியால் அடைபட்ட தாளை விட, மழையில் நனைந்த தாள் கூடுதலாகத் தொல்லை தரும்: அடைமழையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஓடும்போது ஈரம் ஏறிய தாள் காற்றை மறிக்கும், காய்ந்ததும் குறை மறைந்துவிடும். காற்று வரும் ரப்பர் குழாய், எஞ்சின் வேகம் கூடும்போது உள்நோக்கி ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் பொனட்டைத் திறந்து வைத்துக் கவனிக்கலாம்.

உயரத்தின் பங்கையும் இங்கேயே கழித்துவிட வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலு குறைந்து, சற்றுக் கூடுதலாகக் கரும்புகை விடுவது இயல்பே. ஆனால் உயரத்தால் வரும் குறைவு படிப்படியாக வரும், இறங்கும்வரை மாறாமல் இருக்கும், நிறுத்தி ஓய்வு கொடுத்தால் போய்விடாது.

மூன்றாம் படி: தாங்கி மூடியும் வடிகட்டியும்

குறை தோன்றிய அதே இடத்தில் நிறுத்தி, தாங்கியின் மூடியை மெல்லத் திறந்து காதைக் கொடுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. டீசல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. மூடியைத் தளர்வாக வைத்து அதே ஏற்றத்தை ஒருமுறை ஏறிப் பார்த்தால் உறுதியாகிவிடும். மூடியை மாற்றும்போது அதன் ரப்பர் வளையம் மழைநீரை உள்ளே விடாத நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

டீசல் வடிகட்டியின் அடியில் நீர் வடிக்கும் திருகு இருக்கிறது. தெளிவான கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கீழே பிடித்து, திருகைத் தளர்த்தி, மேலுள்ள கைப் பம்பை அழுத்தி ஒரு குவளை அளவு வடித்தெடுங்கள். போத்தலை அசையாமல் அரைமணி நேரம் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நீர் கலந்திருந்தால், மேலே மஞ்சள் நிற டீசலும், அடியில் நிறமற்ற நீரும், இரண்டுக்கும் நடுவில் கூர்மையான ஒரு கோடும் தெரியும். அந்தக் கோட்டின் மீது கரும்பழுப்புப் பாசி மிதந்தால், நீருக்கும் டீசலுக்கும் இடையில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன. அவ்வாறான தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் வடிகட்டியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது கான்களிலும் பீப்பாய்களிலும் சேமித்த டீசலை ஊற்றிய வண்டிகளிலும், மாதக்கணக்கில் அடிமட்டத்திலேயே ஓடிய வண்டிகளிலும், இந்தச் சோதனையை அலட்சியப்படுத்தவே கூடாது. குளிர்ந்த இரவுகளில் பாதி வெறுமையான தாங்கிக்குள் ஈரம் படிந்து நீராவதால், நம் பகுதியில் மாலையில் தாங்கியை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம்.

வடிகட்டி பழையதென்றால் கேள்வியின்றி மாற்றுங்கள். மாற்றிய பின் கைப் பம்ப் இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

நான்காம் படி: காற்றைக் கண்ணால் பார்த்தல்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். நான் சொல்லும் எஞ்சின்கள் பலவற்றில் தாங்கியிலிருந்து டீசலைத் தள்ளும் தனிப் பம்ப் கிடையாது. டீசல் பம்புக்குள்ளேயே இருக்கும் சிறு இறக்கைப் பம்ப்தான் வடிகட்டி வழியாகத் தாங்கிவரை உறிஞ்சி இழுக்கிறது. எனவே அந்தப் பாதையில் எங்காவது ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசிவதில்லை, காற்றுத்தான் உள்ளே போகிறது. ஓட்டை விழுந்த குழாயால் இளநீர் உறிஞ்சுவதைப் போன்ற நிலை அது. வெளியில் ஈரம் தெரியாததால் மெக்கானிக்குகள் பலர் பாதை நன்றாக இருப்பதாக முடிவு செய்துவிடுகின்றனர்.

டீசலுக்குத் தாக்குப்பிடிக்கும், ஒரு முழ நீளமான, தெளிவான பிளாஸ்டிக் குழாயை வடிகட்டிக்கும் பம்புக்கும் நடுவில் கிளிப் போட்டு இணையுங்கள். காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தால் முதல் ஓரிரு நிமிடம் சில குமிழிகள் ஓடும், அவை பொருட்டல்ல. எஞ்சின் சூடேறியபின் ஒருவரை எக்ஸிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். வேகம் கூடும்போது மணிமணியாகக் குமிழிகள் தொடர்ந்து ஓடினால், அல்லது குழாயின் மேற்பகுதியில் காற்று நீளமாகத் தேங்கினால், உறிஞ்சும் பாதையில் ஓட்டை இருப்பது உறுதி.

இனி, எங்கே என்று தேட வேண்டும். தெளிவான குழாயை வடிகட்டிக்கு முன்பாக மாற்றிப் பூட்டுங்கள். அங்கே குமிழி இல்லை, பின்னால் மட்டும் இருந்தது என்றால் கோளாறு வடிகட்டித் தலையிலேயே இருக்கிறது: வடிகட்டியின் ரப்பர் வளையம், கைப் பம்பின் உள்ளே கிழிந்த ரப்பர், குழாய்களை இணைக்கும் துளை ஆணிகளின் செப்பு வொஷர் ஆகிய மூன்றையும் பாருங்கள். கைப் பம்பின் ரப்பர் இவற்றுள் அடிக்கடி பழுதாவது. முன்பாகவும் குமிழி இருந்தால் தாங்கியை நோக்கிப் பின்செல்ல வேண்டும். நுனியில் விறைத்து வெடித்த ரப்பர் குழாய்கள், அடிச்சட்டத்தில் சேறு தங்கும் இடத்தில் துருப்பிடித்த இரும்புக் குழாய், தாங்கியின் மேல் இணைப்பு ஆகியவை சந்தேகத்துக்குரியவை. ஐயமுள்ள இணைப்பைச் சுற்றிக் கெட்டியாகக் கிரீஸ் பூசும்போது குமிழி நின்றுபோனால் இடம் அகப்பட்டுவிட்டது.

நம் நிலத்துக்கே உரிய இலகுவான சோதனை ஒன்றும் உண்டு. வண்டியின் மூக்கு மேட்டை நோக்கியிருக்கும்படி, சில்லுகளுக்குக் கல் வைத்து, இரவு முழுவதும் நிறுத்துங்கள். காற்றோட்டை இருந்தால் குழாயிலுள்ள டீசல் பின்புறத் தாங்கிக்கே வடிந்துவிடும், காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். மறுநாள் மூக்கு பள்ளத்தை நோக்கியிருக்க நிறுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகும். இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு இருந்தால் தெளிவான குழாய் இல்லாமலேயே விடை கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: தாங்கியை விலக்கிச் சோதித்தல்

குமிழி இல்லாமலே இழுவை குறைகிறது என்றால், பாதை அடைபட்டிருக்கலாம். தாங்கிக்குள் உறிஞ்சும் குழாயின் வாயில் சிறு வலை இருக்கிறது. தாங்கியின் அடியில் கிடக்கும் துரு, பாசி, துணி நூல் போன்றவை நீண்ட ஏற்றத்தில் அதிகம் டீசல் இழுபடும்போது மெல்ல மெல்ல அந்த வலையில் ஒட்டிக்கொள்கின்றன. வண்டியை நிறுத்தியதும் இழுவிசை இல்லாமையால் அவை உதிர்ந்து அடிக்குப் போய்விடுகின்றன. பத்து நிமிட ஓய்வில் குணமாகும் வண்டியின் மர்மம் பெரும்பாலும் இதுவே. ரப்பர் குழாயின் உட்படை உரிந்து கதவுபோல் வழியை மூடுவதும் இதே அறிகுறியைத் தரும்.

உறுதி செய்ய, ஐந்து லீற்றர் கான் ஒன்றில் சுத்தமான டீசலை எடுத்து, எஞ்சின் அறையில் புகைக்குழாயிலிருந்து விலகிய இடத்தில் அசையாமல் கட்டுங்கள். வடிகட்டிக்கு வரும் குழாயைக் கழற்றி, அதற்குப் பதில் கானிலிருந்து வரும் புதிய குழாயைப் பூட்டுங்கள். பம்பிலிருந்து திரும்பும் குழாயையும் கானுக்குள்ளேயே விட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால், திரும்பும் டீசல் தாங்கிக்குப் போய்க் கான் சீக்கிரமே வெறுமையாகிவிடும். எஞ்சின் இருக்கைக்கு அடியில் உள்ள வான்களில் இதை நிறுத்தி வைத்தே செய்யுங்கள். பயணிகள் இருக்கும் இடத்தில் டீசல் கானை வைத்து ஓட்டக் கூடாது. கார் என்றால், குறை தவறாமல் வரும் அதே ஏற்றத்தை ஏறிப் பாருங்கள். குறை மறைந்தால் தாங்கியும் அதன் குழாய்களுமே காரணம். மறையாவிட்டால், வடிகட்டியையும் விலக்கி, சிறு இடைவடிகட்டி ஒன்றோடு கானை நேரே பம்புடன் இணைத்து மறுபடி ஏறுங்கள். அப்போதும் மாறாவிட்டால்தான் குறை பம்புப் பக்கம் வந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

தாங்கி காரணம் என்று தெரிந்தால், குழாயில் பின்னோக்கிக் காற்றடித்து ஆறுதல் தேடாதீர்கள். ஓரிரு நாள் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி நிற்கும். தாங்கியை இறக்கி, கழுவி, வலையைச் சுத்தம் செய்து, ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவதே முறை.

ஆறாம் படி: மின்சாரமும் சூடும்

பம்பின் பின்புறம் ஒற்றை வயரோடு இருக்கும் நிறுத்தும் வால்வுக்கு 12 வோல்ற் மின்சாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் டீசல் போகும். சாவியைத் திருப்பும்போது டக் என்ற சத்தம் கேட்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அந்த வயரை மெல்ல ஆட்டிப் பார்த்தால் துண்டித்துத் துண்டித்து ஓடுகிறதா என்பது தெரியும். பற்றரியிலிருந்து பியூஸ் போட்ட தற்காலிக வயர் ஒன்றை அதற்குக் கொடுத்துக் குறை வருகிறதா என்று ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்த வயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது என்பதை வண்டியை எடுக்கும் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

வெப்பமானியின் முள் மேலேறும்போது இழுவை குறைந்தால், டீசலைத் தேடுவதை விட்டுவிட்டு ரேடியேற்றர், விசிறிக் கிளட்ச், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பாருங்கள். இவ்வகை எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட் சூட்டில் வெடிப்பது பலருக்கும் தெரிந்த செலவு. முள் ஏறிய நிலையில் இன்னும் ஒரு வளைவுதானே என்று ஓட்டக் கூடாது.

ஏழாம் படி: கரும்புகை தள்ளும் வண்டிகள்

டர்போ உள்ள வண்டியில் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள்; நிற்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும். டர்போவின் அழுத்தத்தைப் பம்பின் தலைக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் கழன்றால், புகையே இல்லாமல் இழுவை போகும். புகைவாயுவைத் திரும்ப உள்ளே விடும் ஈஜீஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கிக்கொள்வதும் அடிக்கடி நடப்பது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து கையால் இயங்குகிறதா என்று பாருங்கள். சைலென்சரின் உட்தகடு கழன்று வழியை அடைப்பதும் சில வேளை உண்டு.

எட்டாம் படி: நொசிலும் பம்பும்

வண்டி நிற்கும்போதே எஞ்சின் தடுமாறி ஓடினால், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, மெதுவான ஓட்டத்தில் ஒவ்வொரு நொசில் குழாயின் நட்டையும் துணி சுற்றி அரைச்சுற்று தளர்த்தி இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அந்த சிலிண்டரே வேலை செய்யாதது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உட்புகக்கூடியது. அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்து, சூடேறியபின் மட்டும் இழுவை குறைந்து, நிறுத்தினால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாமலும் இருந்தால், பம்பின் மீது நனைத்த துணியைப் போர்த்திச் சில நிமிடம் பொறுங்கள். பம்ப் குளிர்ந்ததும் எளிதில் ஸ்டார்ட் ஆனால் அதன் உட்பாகம் தேய்ந்துள்ளது: சூட்டில் மெலிந்த டீசல் தேய்ந்த இடைவெளி வழியே கசிந்துவிடுகிறது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

பம்பைக் கழற்றும் முன் திரும்பும் குழாயின் ஆணியை மட்டும் ஒருமுறை பாருங்கள். நுண்ணிய துளையோடு, தலையில் வெளிவழி என்ற பொருள்படும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்ட அந்த ஆணி, உள்வழி ஆணியோடு இடம் மாறிப் பூட்டப்பட்டால் பம்பின் உள்ளழுத்தம் கெட்டு இழுவை போய்விடும். துளையில் குப்பை சிக்கினாலும் ஓட்டம் கெடும். அதுவும் சரியென்றால் பம்பைத் திருத்தக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உங்கள் குறிப்பேட்டையும் கான் சோதனையின் முடிவையும் திருத்துபவரிடம் சொல்லுங்கள். சோதனை மேசையில் ஏற்றிக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் டீசல் அளவை எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். பழைய உதிரிப்பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பூட்டியபின் டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சப்படும் நேரத்தை, அளவி வைத்துப் பார்த்தார்களா என்று உறுதி செய்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.